பாதீட்டைத் தாண்டிய பூங்கா ரெண்டர்: ஒரு கணிய அளவையாளர் அலுவலகத்தின் மறுஆய்வுச் சேவை பற்றி

திருகோணமலையில் கடற்கரைப் பூங்கா, பாடசாலை வளவு, வீதியோரப் பசுமை போன்ற பொது வேலைகளில் நீர்ச்சிக்கன அமைப்பையும் சேர்த்து ரெண்டர் கோரினால், திறக்கும் நாளில் ஒப்பந்தகாரரின் ஒரு விலைமனுவும் பொறியியலாளர் போட்ட மதிப்பீட்டுக்குள் வராமற் போவதுண்டு. அப்படி அகப்பட்டுக்கொண்ட சபைகளுக்கும் திணைக்களங்களுக்கும் வந்த மனுக்களை அலசி அறிக்கை எழுதித் தரும் சேவையொன்றை வேலைகளின் அளவையும் செலவையும் கணக்கிடும் சிறிய கணிய அளவையாளர் அலுவலகம் ஒன்று நகரில் நடத்துகிறது. இந்த விமர்சனம் அந்தச் சேவை பற்றியது. விலைக் கணக்கில் அவர்களை நம்பலாம். செடி, பருவம், பராமரிப்பு என்று வரும்போது கூட ஓர் ஆள் தேவை.

அறிக்கை கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது திருத்திய ஒப்பீட்டு அட்டவணை. பெருக்கல், கூட்டல் பிழைகளை முதலில் திருத்துகிறார்கள். அலகு விலையும் மொத்தமும் முரண்பட்டால் அலகு விலையே நிற்கும். தசமப் புள்ளி தெளிவாக இடம் மாறியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதன்பின் ஏற்பாட்டுத் தொகைகள் (இன்னும் முடிவாகாத வேலைக்கு ஒதுக்கி வைப்பவை), எதிர்பாராச் செலவு, பெறுமதி சேர் வரி ஆகியவற்றை எல்லா மனுக்களிலிருந்தும் கழித்து ஒரே தளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இது சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால் 2024 ஜனவரியிலிருந்து வரி 18 வீதம். மதிப்பீடு வரியில்லாமல் 20 மில்லியன் ரூபா, மிகக்குறைந்த மனு வரியோடு 24.5 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு 22.5 வீத மீறல். வரியை எடுத்தால் மனு 20.76 மில்லியன்தான்; உண்மையான மீறல் 4 வீதத்துக்கும் குறைவு. வரிக்கான பணத்தைத் தனியே தேடவேண்டும் என்பது மெய். ஆனால் அது நிதி ஒதுக்கீட்டுப் பிரச்சினை. விலை கூடிவிட்டது என்று சொல்லி வேலையை வெட்ட அது காரணமாகாது.

அடுத்த அட்டவணைதான் இந்தச் சேவையின் உயிர். ஒவ்வோர் உருப்படிக்கும் எல்லா மனுதாரரின் விலையையும் பொறியியலாளர் மதிப்பீட்டோடு பக்கத்தில் வைத்து, எங்கே எல்லாரும் சேர்ந்து கூடியிருக்கிறார்கள், எங்கே ஒருவர் மட்டும் கூடியிருக்கிறார் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் கூடினால் அது அவருடைய விலை. எல்லாரும் கூடினால் மதிப்பீடு பிழை, அல்லது விவரக்குறிப்பு பிழை, அல்லது மதிப்பிட்டவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று தளத்தில் இருக்கிறது. சொட்டுநீர் உருப்படிகளில் இது அடிக்கடி தெரியவரும். கட்டட வேலைக்கான பி.எஸ்.ஆர். விலைப்பட்டியலில் சொட்டுநீர்க் குழாய்க்குச் சரியான உருப்படி கிடைக்காது. அதனால் மதிப்பிடுபவர் கொழும்புக் கடையில் தொலைபேசியில் கேட்ட மீற்றர் விலையை அப்படியே எழுதிவிடுவார். போக்குவரத்து, இணைப்பிகள், வீண்போகும் துண்டுகள், கிடங்கு வெட்டும் கூலி, அழுத்தச் சோதனை, மேற்செலவு, இலாபம் எதுவும் அதில் இராது. இந்த அலுவலகம் அப்படியான உருப்படிகளுக்குப் பொருள், கூலி, கருவி, மேற்செலவு என்று பிரித்து விலைப் பகுப்பாய்வு செய்து தருகிறது. மதிப்பீட்டைத் திருத்தக் கோருவதற்கு அந்தத் தாள் போதும்.

உள்ளூர் அறிவும் விலையில் ஏறும். திருகோணமலை நகருக்குள் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரியும். மாடும் ஆடும் சொல்லவே வேண்டாம். மரக்காப்புக் கூடு, விலையிடவேண்டிய உருப்படிகளை எழுதிய அளவுப் பட்டியலில் இல்லையென்றால், ஊர் தெரிந்த ஒப்பந்தகாரர் அந்தச் செலவையும் செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று வைக்கும் செலவையும் கன்று விலைக்குள் போட்டுவிடுவார். வெளியூர்க்காரர் போடமாட்டார், அவருடைய மனு குறைவாகத் தெரியும். கூட்டைத் தனி உருப்படியாக எழுதி மறுபடி கேட்டால் இரண்டு விலையும் நெருங்கிவிடும். ஓர்சு ஹில் பக்கம் பாறை, டச்சுக் குடாப் பக்கம் மணல் என்பதும் இப்படித்தான். குழி வெட்டலை ஒரே உருப்படியாக எழுதி, பாறை வந்தாலும் அதே விலை என்று போட்டால், எல்லாரும் பாறை விலையையே எழுதுவார்கள். மண், மென்பாறை, கடும்பாறை என்று மூன்றாகப் பிரித்து, உண்மையில் வெட்டியதை அளந்து பணம் கொடுப்பதாக மாற்றினால் அந்தப் பயவிலை இறங்கும். இதை அறிக்கை நன்றாகவே எடுத்துக்காட்டுகிறது.

குறைப்புத் தெரிவுகள் பகுதிக்காகவே இந்தச் சேவையைப் பரிந்துரைக்கலாம். பணம் போதாதென்றால் பொதுவாக வெட்டப்படுவது வடிகட்டி, மூடாக்கு, கொம்போஸ்ட், ஒரு வருடப் பராமரிப்பு. பட்டியலின் கடைசியில் கிடப்பவை என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை. இவற்றை எல்லாம் கூட்டினாலும் இன்ரர்லொக் நடைபாதையும் மதிலும் அலங்கார வளைவும் விழுங்கும் தொகைக்குக் கிட்ட வராது. ஆனால் இவை போனால் நீர்ச்சிக்கனம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். அலுவலகம் எல்லா உருப்படிகளையும் தொகை வரிசையில் அடுக்கி, நீரைச் சேமிப்பவற்றுக்குக் குறி போட்டு, குறியில்லாத பெரிய தொகைகளிலிருந்து வெட்டத் தொடங்குகிறது. சரியான வரிசை இதுதான்.

மேல்மண் ஒரு நல்ல உதாரணம். 1000 சதுர மீற்றர் பரப்பு முழுவதும் 300 மில்லிமீற்றர் மேல்மண் என்று எழுதினால் 300 கனமீற்றர், அதாவது சுமார் 106 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண் வெளியிலிருந்து வரவேண்டும். அந்தப் பரப்பில் 500 பற்றைச் செடி என்றால், 45 சென்ரிமீற்றர் சதுரமும் அதே ஆழமும் கொண்ட குழிகளுக்குள் மட்டும் மண்ணும் எருவும் கலந்து நிரப்ப 46 கனமீற்றர், ஏறக்குறைய 16 கியூப் போதும். புன்னை, பூவரசு, தாழை, அடம்பன் போன்ற கரையோரத் தாவரங்களுக்கு மணலே சொந்த நிலம். மேல்மண் கொட்டி அவற்றைப் பழக்கவேண்டிய தேவையில்லை. புற்றரைக்கு மட்டும் மண் வேண்டும், ஆகவே புற்றரையைச் சுருக்கினால் மண், குழாய், நீர் மூன்றும் ஒன்றாகக் குறையும்.

நிலக்கீழ் மழைநீர்த் தாங்கி பற்றிய அவர்களுடைய முடிவு பலருக்குப் பிடிக்காது. எனக்கு அது முழுச் சம்மதம். இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்ரோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் நீண்ட வரட்சி, நடுவே கச்சான் காற்று. 500 சதுர மீற்றர் புற்றரைக்கு நாளுக்கு 4 மில்லிமீற்றர் என்று கணக்குப் போட்டால் 2000 லீற்றர். 10,000 லீற்றர்த் தாங்கி ஐந்து நாளில் வற்றிவிடும். அந்த ஐந்து நாளுக்காகக் கொங்கிறீற்றுக் குழியும், கம்பியும், பம்பியும், நீர்க்கசிவு தடுப்பும். பெயர்ப்பலகையில் பசுமையாகத் தெரியும் இந்த உருப்படியை நீக்கிவிட்டு, மாரி வெள்ளத்தை மணலுக்குள் இறக்கும் ஆழமற்ற பள்ளப்பாத்திகளை வெட்டுவது மிக மலிவு.

ஆனால் சொட்டுநீர் அமைப்பில் அவர்கள் முன்வைத்த இரண்டு மாற்றங்கள் ஆபத்தானவை. முதலாவது, பம்பியை நீக்கி 3 மீற்றர் மேடையில் தாங்கி வைப்பது. 3 மீற்றர் உயரம் தருவது 0.3 பார் அழுத்தம். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு நீர் விடும் அழுத்த ஈடுசெய்யும் சொட்டிகளுக்குப் பொதுவாக 0.5 முதல் 1 பார் வரை வேண்டும். அதற்குக் கீழே அவை சரியாக இயங்காது, ஒரு செடிக்கு அதிகம், மறுசெடிக்கு ஒன்றுமில்லை என்றாகும். மேடைத் தாங்கிதான் வேண்டுமென்றால் குறை அழுத்தத்துக்கென்று செய்த சொட்டுக் குழாயையும் குறுகிய கிளைகளையும் சேர்த்தே விவரக்குறிப்பில் எழுதவேண்டும். இரண்டாவது, வால்வுகளைக் குறைக்கக் கிளைக் குழாய்களை நீட்டுவது. 30 சென்ரிமீற்றருக்கு ஒரு சொட்டி, மணிக்கு 2 லீற்றர் என்றால் 100 மீற்றர்க் கிளைக்கு மணிக்கு 660 லீற்றருக்கு மேல் ஓடவேண்டும். 16 மில்லிமீற்றர்ச் சாதாரணக் குழாயில் அவ்வளவு தூரத்துக்கு அழுத்தம் தாங்காது. கடைசிச் செடிகள் காயும். உற்பத்தியாளரின் கிளை நீள அட்டவணையைப் பார்க்காமல் வால்வில் கைவைக்கக் கூடாது. 120 மெஷ் தட்டு வடிகட்டியையும் கிளை முனைகளில் கழுவும் வால்வையும் அவர்கள் தொடாமல் விட்டது ஆறுதல். மணலும் இரும்பும் கலந்த கிணற்று நீருக்கு அவை இல்லாமல் சொட்டுநீர் அமைப்பு ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்காது.

பெறுகை (அரச கொள்வனவு) நடைமுறை விடயத்தில் அவர்களுடைய எச்சரிக்கைகள் தெளிவானவை. விலை கூடிவிட்டதென்று எல்லா மனுதாரரையும் கூப்பிட்டுப் பேரம் பேச முடியாது. மேலதிக நிதி பெறலாம். பொருந்தும் மனுக்களில் மிகக்குறைந்த மதிப்பீட்டு விலை கொண்டவரோடு, பெறுகைக் குழுவின் அனுமதியுடன், வேலைப் பரப்பைக் குறைப்பது பற்றிப் பேசலாம். அல்லது எல்லாவற்றையும் நிராகரித்து, ஆவணத்தைத் திருத்தி மறுபடி கோரலாம். அனுமதி வரம்பைத் தவிர்ப்பதற்காக வேலையைத் துண்டு போடுவது இந்தத் தெரிவுகளில் சேராது.

வேலைப் பரப்பைக் குறைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. முதலாமவர் 26.0 மில்லியன், இரண்டாமவர் 26.6 மில்லியன். நடைபாதையை நீக்கத் தீர்மானிக்கிறீர்கள். அதற்கு முதலாமவர் போட்டது 5.0, இரண்டாமவர் போட்டது 6.2. நீக்கியபின் முதலாமவர் 21.0, இரண்டாமவர் 20.4. வரிசை தலைகீழாகிவிட்டது. இந்த நிலையில் முதலாமவருக்கே கொடுத்தால் முறைப்பாடு வரும், வந்தால் நியாயமாகவே வரும். ஒவ்வொரு குறைப்புத் தெரிவுக்கும் எல்லா மனுதாரரின் வரிசையையும் மறுபடி போட்டுக் காட்டுவது இந்த அலுவலகத்தின் மிகப் பெறுமதியான பழக்கம். வரிசை மாறும் தெரிவுகளுக்கு நேரே "மறுகோரல்" என்று எழுதிவிடுகிறார்கள். மறுகோரலுக்குப் போகும்போது, அடிப்படை வேலை ஒருபுறம், பணம் மிஞ்சினால் சேர்க்கும் தெரிவு உருப்படிகள் மறுபுறம் என்று பிரித்து, எந்த ஒழுங்கில் சேர்க்கப்படும் என்பதை ஆவணத்திலேயே அறிவிக்கச் சொல்கிறார்கள். மனு திறந்தபின் ஒழுங்கை மாற்றினால் ஆளைப் பார்த்து மாற்றியதாகிவிடும்.

சமநிலையற்ற மனுக்களையும் பிடிக்கிறார்கள். ஆரம்பச் செலவும் மண்வேலையும் கொழுத்து, பராமரிப்பு வெறும் பெயருக்கு விலையிடப்பட்டிருந்தால், பணத்தை முன்னாலே எடுத்துவிட்டு நட்ட செடியைக் கைவிடும் ஆபத்து உண்டு. விலை விபரம் கேட்பதும், வேலையைச் சரியாக முடிப்பதற்கு வைக்கும் செயலாற்றுகைப் பிணையை உயர்த்தக் கோருவதும் அதற்கான வழி.

பெரிய குறை, பருவத்தைக் கணக்கில் எடுக்காமை. மறுகோரல் சில மாதங்களை விழுங்கும். மாரித் தொடக்கத்தில் நடவேண்டிய கன்றை மாசி, பங்குனியில் நட்டால் வேர் பிடிக்கும்வரை பவுசர் தண்ணீர்தான். 3000 கன்றுக்கு ஒரு தடவைக்கு 2 லீற்றர் என்றால் 6000 லீற்றர். அதுவும் ஒன்றுவிட்ட நாள். அந்தச் செலவையும் பட்டுப்போகும் கன்றுகளையும் சேர்த்தால், "மறுகோரலால் மிச்சம்" என்று அறிக்கை காட்டும் தொகையில் பெரும்பங்கு கரைந்துவிடக்கூடும். அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. கட்டுமானத்தை ஒரு பொதியாகவும், நடுகையை மாரிக்குப் பொருந்தும் திகதியோடு தனிக் கட்டமாகவும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வைக்கும் யோசனையை நீங்களே கேட்டு எழுதுவிக்க வேண்டும். பராமரிப்பும் அப்படித்தான்: மாதக் கட்டணமாக, உயிரோடுள்ள கன்றுகளை எண்ணிக் கொடுக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்.

கட்டணம் நிலையான தொகை. மிச்சப்படுத்தியதில் பங்கு கேட்பதில்லை. அது முக்கியம், ஏனென்றால் பங்கு கேட்பவர் வடிகட்டியையும் மூடாக்கையும்கூட வெட்டச் சொல்வார். மதிப்பீட்டுக் காலம் இரகசியமானது என்பதால், நலமுரண் இல்லை என்ற பிரகடனத்திலும் இரகசியக் காப்பு உறுதிமொழியிலும் ஒப்பமிட்டு, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் ஊடாகவே அவர்கள் வேலை செய்கிறார்கள். மனுதாரரில் எவருக்காவது அவர்களே விலை போட்டுக் கொடுத்தார்களா என்பதை எழுத்தில் கேட்டுவிடுங்கள். சிறிய ஊரில் அது நடக்கக்கூடியது.

நீங்கள் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டியவை: எல்லா மனுக்களின் விலையிட்ட அளவுப் பட்டியல், மதிப்பீட்டின் விலைப் பகுப்பாய்வு, வரைபடங்கள், முன்மனுக் கூட்டக் குறிப்பு (மனுக்கள் வருமுன் நடந்த கூட்டம்), மனுக்கள் செல்லுபடியாகும் இறுதித் திகதி. மனு திறந்த முதல் வாரத்திலேயே கொடுங்கள். செல்லுபடிக் காலம் முடியும் தறுவாயில் நீடிப்புக் கேட்டால், விலை குறைவாகப் போட்டவர் மறுத்துவிட்டு விலகலாம்; மனுவோடு அவர் வைத்த மனுப் பிணையைப் பறிக்கவும் முடியாது.