‘பாணி’ என்ற ஒரு சொல்லுக்கு 1,800 யூரோ

பாரீஸில் பழைய கம்பளம் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன அக்டோபரில் ஒரு பழம்பொருள் சந்தையில் 1,800 யூரோவைக் கொடுத்து ஏமாந்து வந்தேன்.

மங்கிய ரோஜா நிறம், நடுவே பூங்கொத்து, ஓரமெங்கும் சுருள் இலை. “அசல் ஒபுசோன், மதாம். மூன்றாம் நெப்போலியன் காலம்” என்றார் கடைக்காரர். ஒபுசோன் கம்பளத்துக்குப் பேர்போன பிரெஞ்சு ஊர். அந்தப் பெயரில்தான் விழுந்தேன்.

விவரம் தெரியாமல் போனேன் என்றும் சொல்ல முடியாது. வாசித்துவிட்டுத்தான் போனேன், அதுதான் வயிற்றெரிச்சல். பிரெஞ்சு அரண்மனைக் கம்பளம் என்றால் முதலில் சவோனெரி. பாரீஸில் பழைய சோப்புத் தொழிற்சாலை ஒன்றில் தறி போட்டதால் வந்த பெயர். லூவரின் நீண்ட கூடத்துக்கு மட்டும் பதினான்காம் லூயி காலத்தில் 93 கம்பளங்களுக்கு உத்தரவு போனது. அது முடிச்சுப் போட்டு நெய்தது, கால் புதையும். ஒபுசோன் ஊரில் கம்பளம் நெய்யத் தொடங்கியது 1743இல்தான். அங்கே பேர்போனது தட்டை நெசவு. நெசவாளி பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார். நிறம் மாறும் இடத்தில் பாவு நூல்களுக்கு நடுவே கீறல் மாதிரி இடைவெளி விழும், அதை அப்புறம் ஊசியால் தைப்பார்கள்.

ஆகவே பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். முழுக்க உள்துணி வைத்துத் தைத்திருந்தது. “பிரித்தால் மதிப்புப் போய்விடும்” என்றார். பழைய கம்பளங்களுக்கு அப்படித் தைப்பது வழக்கம்தான். சரி என்று வாங்கிவிட்டேன்.

ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். அதைச் சரிசெய்யக் கொண்டுபோன இடத்தில் அந்த அம்மா மூலையில் நாலு விரல் அளவுக்குத் தையலைப் பிரித்தார். முன்னும் பின்னும் ஒரே மங்கல். “வெயில் பட்டது மேல்பக்கம்தானே, அடிப்பக்கம் ஏன் வெளுத்தது?” என்றார். ஈரமான வெள்ளைத் துணியால் இரண்டு முறை தேய்த்தார். டீ வடிகட்டிய துணி போலப் பழுப்பு ஏறியது. பழசாகக் காட்டச் சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். சீனாவில் சில பத்தாண்டுகளுக்கு முன் நெய்த நகலாக இருக்கும் என்றார். கைநெசவுதான், மோசமான சரக்கும் இல்லை. அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

திரும்பப் போனேன். கடைக்காரர் கோபப்படவே இல்லை. பில்லை வாங்கி ஒரு சொல்லில் விரல் வைத்தார்: ‘ஸ்தீல் ஒபுசோன்’. ஒபுசோன் பாணி! 1981ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசாணைப்படி, ‘பாணி’ என்று எழுதினால் காலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அதே ஆணைப்படி, அந்தச் சொல் இல்லாமல் ‘19ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விற்றவர் அதற்குப் பொறுப்பு. பணம் கொடுக்குமுன் அதை எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சந்தையில் நேரில் வாங்கியதை, இணையத்தில் வாங்கியது மாதிரி 14 நாளுக்குள் திருப்பித் தரவும் முடியாது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்சுவர்தான் கண்ணில் பட்டது. அதே மங்கிய ரோஜா, அதே பூங்கொத்து, இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது.