ஆலோஸ் பிளாஸ்டிக் டிராவெர்சோ: எல்லா ஸ்வரமும் ஒன்றுபோல் ஒலிக்காத குழல்

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் காலத்துக் குழலை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களை முதலில் தடுப்பது விலைதான். தேர்ந்த கைவினைஞர் பாக்ஸ்வுட்டிலோ கருங்காலியிலோ கடைந்து தரும் டிராவெர்சோ, அதாவது அந்தக் காலத்துப் பக்கவாட்டுக் குழல், பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும். ஜப்பானின் ஆலோஸ் செய்யும் பிளாஸ்டிக் குழலின் விலை அதைவிட மிகக் குறைவு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் குழல் செய்த ஸ்டேன்ஸ்பி ஜூனியரின் மாதிரியைப் பின்பற்றியது. நான் வாங்கியது இதைத்தான்.

ஆறு துளைகள், வலது சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு கீ (துளையைத் திறந்து மூடும் நெம்புகோல்). அவ்வளவுதான். உள்துளை தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் போகப் போகக் குறுகும். ஊதும் துளை நவீன வெள்ளிக் குழலில் இருப்பதைவிடச் சிறியது. அதனால் பழைய பழக்கத்தில் காற்றைத் தள்ளினால் சத்தம் உடைகிறது. உதட்டைத் தளர்த்தி மெதுவாக ஊதினால் அடி ஸ்தாயி டி ஸ்வரம் நன்றாக நிற்கிறது.

டி மேஜரில் வாசிக்கும்போது குழல் தானாகவே பாடுகிறது. அப்புறம் எஃப் நேச்சுரல் (சாதாரண எஃப்) வந்ததும் நிலைமை மாறுகிறது. நடுவில் ஒரு துளையைத் திறந்து வைத்து அதற்குக் கீழே மூடும் குறுக்கு விரலடைப்பில்தான் அது வரும்; ஸ்ருதி ஏறிவிடாமல் இருக்கக் குழலை உதட்டுப் பக்கம் கொஞ்சம் உருட்ட வேண்டும். எஃப் ஷார்ப்புக்கு (எஃப்-க்கு அரை ஸ்வரம் மேலே) நேரெதிராக வெளியே உருட்ட வேண்டும். ஜி ஷார்ப்பும் பி ஃப்ளாட்டும் (பி-க்கு அரை ஸ்வரம் கீழே) திரை போட்ட மாதிரி மங்கலாக ஒலிக்கும். கர்நாடகப் புல்லாங்குழல் பழகியவர்களுக்கு விரல் தானாகவே பாதித் துளையைத் தேடிப் போகும். இங்கே அந்த வேலையை உதடும் குறுக்கு விரலடைப்பும் பார்த்துக்கொள்கின்றன.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறை என்று சொல்லமாட்டேன். பாஹ் தனிக்குழலுக்கு எழுதிய ஏ மைனர் பார்ட்டீட்டாவை (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) வெள்ளிக் குழலில் வாசித்தபோது ஜி ஷார்ப் மற்ற ஸ்வரங்களைப் போலவே பளிச்சென்று வந்து போகும். இதில் அது தயங்கி, மங்கி, அடுத்து வரும் ஏ-யில் போய் வெளிச்சமாகிறது. அந்தத் தயக்கம் எழுதப்பட்ட இசையிலேயே இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது இந்தக் குழல்தான். இதற்காகவே வாங்கிய பணம் தகும்.

க்வான்ட்ஸ் ஞாபகத்துக்கு வருகிறார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் குழல் ஆசிரியர், 1752இல் பெர்லினில் தன் பெரிய குழல் நூலை வெளியிட்டவர். டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் ஒன்றல்ல என்று இரண்டுக்கும் தனித்தனி கீ வைத்தார். எத்தனை நுட்பமான காது!

பிளாஸ்டிக் என்பதால் சில வசதிகள் உண்டு. புது மரக்குழலைப் போல தினமும் கொஞ்ச நேரம் மட்டும் ஊதிப் பழக்க வேண்டியதில்லை, எண்ணெய் பூச வேண்டியதில்லை, வெடிக்கும் பயமும் இல்லை. ஆனால் எந்தப் பிளாஸ்டிக் குழலும் ஈரத்தை உறிஞ்சாது. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், துடைக்கத் துணி பக்கத்திலேயே இருக்கட்டும். நல்ல மரக்குழலில் மெல்ல ஊதும்போது வரும் நிற வேறுபாடுகளையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இதில் ஏ ஸ்வரத்தின் ஸ்ருதி 415 ஹெர்ட்ஸ், அதாவது இன்றைய 440ஐவிடக் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் கீழே. வீட்டுப் பியானோவோடு சேராது. டிஜிட்டல் பியானோ என்றால் அரை ஸ்வரம் கீழே டிரான்ஸ்போஸ் (ஸ்ருதி மாற்றம்) செய்துகொள்ளலாம், பிரச்சினை இல்லை.

தொடங்க பாஹ் காலத்து இசையமைப்பாளர் டெலமானின் பன்னிரண்டு ஃபேன்டஸியாக்கள் போதும். துணைக்கு யாரும் வேண்டாம், தனிக்குழலுக்கே எழுதியவை. டி மேஜரில் உள்ள ஏழாவதையோ ஜி மேஜரில் உள்ள பதினொன்றாவதையோ முதலில் எடுங்கள். ஈ மேஜரில் உள்ள ஒன்பதாவதை உதடு பழகும்வரை தள்ளி வையுங்கள்.