பத்து கிளாஸ் ஷேக்குக்காகச் சிநேகிதியைக் கூட்டிப்போனேன்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் செருப்பு குவிந்து கிடக்கும், உள்ளே பாட்டும் கைதட்டலும் கேட்கும், வாசலில் 'எடை குறைப்பு கிளப்' என்று பேனர் தொங்கும். அப்படி ஒரு இடத்தில் இரண்டரை மாதம் இருந்துவிட்டு வந்தவள் நான். அந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஒன்றுதான் மோசம் என்று நினைத்து, அடுத்த தெருவில் இருப்பதில் போய்ச் சேருவீர்கள்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். வயது 43. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது சேல்ஸில் இருக்கும் பெண்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குப் பிரச்சினையே நேர்மாறு, எழுந்திருக்க முடியாது. ஆடித் தள்ளுபடி நேரத்தில் மதியச் சாப்பாடும் அந்த ஸ்டூலிலேயேதான். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. மெட்ரோ படியில் ஏறினால் முழங்கால் கடகடவென்று பேசும்.

கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர்தான் சீட்டு கொடுத்தார். முதல் பரிசோதனை இலவசம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் போனேன். டிபன் சாப்பிட்டிருந்தேன். உட்காரவைத்து இரண்டு பெரிய டம்ளர் வெந்நீர் கொடுத்தார்கள், 'உடம்பு திறக்கும்' என்று. அப்புறம் மெஷின் மேல் ஏறச் சொன்னார்கள். எடை, கொழுப்பு சதவீதம், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு எல்லாம் வந்தது. கடைசியாக 'உடம்பின் வயது 61' என்றது. என் மாமியாருக்கு 64. சொல்லுங்கள், அந்த ராத்திரி யாருக்குத் தூக்கம் வரும்?

600 ரூபாய்க்கு மூன்று நாள் டிரயல்: 'கோச்' என்று சொல்லிக்கொள்ளும் கிளப் பெண் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடரைக் கலக்கித் தரும் 'ஷேக்'. நாலாம் நாள் மறுபடி எடை பார்த்தார்கள். இந்த முறை காலை ஆறு மணி, வெறும் வயிறு, 'பாத்ரூம் போயிட்டு வாங்க அக்கா' என்று அனுப்பிவிட்டு. ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது! எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை.

இந்தக் கணக்கு எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆயிற்று. என் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை செய்கிறார். அங்கே வருஷா வருஷம் முத்திரை போடும் மேடைத் தராசு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதில் ஏறினேன், 74.9. ஞாயிறு விடியற்காலையில் அதே தராசு, அதே நைட்டி, 73.6. நடுவில் நான் தூங்கினதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அந்த கிளப் மெஷினும் மந்திரமில்லை. காலுக்கடியில் இருக்கும் இரண்டு தகடு வழியாக மிகச் சின்ன மின்சாரத்தை அனுப்புகிறது. தண்ணீர் அதைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையோடு நம் உயரம், வயது எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரம் போட்டு மதிப்பிடுகிறது. தண்ணீர் குடித்திருந்தாலும் வியர்த்திருந்தாலும் எண் மாறும். 'உடம்பின் வயது' என்பது எந்த லேபிலும் எடுக்கிற ரத்தப் பரிசோதனை இல்லை. அந்தக் கம்பெனி போட்ட கணக்கு.

எடை குறையவே இல்லை என்று சொன்னால் அது என் பொய். குறைந்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு கிளாஸ் மாவுத்தண்ணீர் குடித்தால் யாருக்குத்தான் குறையாது? அரிசி, கோதுமையைக் குறைத்ததும் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் கரையும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரும் கூடவே போகும். முதல் வாரத்தில் காட்டும் எண்ணில் பெரிய பங்கு அந்தத் தண்ணீர்தான். மறுபடி சோறு சாப்பிட்டால் அது திரும்பி வரும். வந்ததும் 'நீங்க நிறுத்தினதாலதான் அக்கா' என்பார்கள்.

மாதம் 7,500 ரூபாய், நாளுக்கு இரண்டு கிளாஸ். 'ஒரு பிரியாணி காசுதானே' என்பது அவர்கள் பாட்டு. டின்னைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு தடவைக்குப் புரதம் 9 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ஒன்றரை முட்டைக்கு 125 ரூபாய் கொடுத்திருக்கிறேன். காசிமேட்டு நெத்திலிக்குக் கோச் யாரும் கிடையாது, அதனால்தான் மலிவு போலிருக்கிறது.

ஆனாலும் ஏன் போய்க்கொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். அந்த இடம் நன்றாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். இருபது பெண்கள், எல்லாரும் என்னைப் போல. ஒருத்தி கல்மண்டபத்தில் பூ விற்கிறவள், ஒருத்தி துறைமுகத்தில் வேலை செய்கிறவரின் மனைவி, ஒருத்தி பிரசவத்துக்கு அப்புறம் கண்ணாடியைப் பார்க்காதவள். காலையில் 'எப்படிக்கா இருக்கீங்க' என்று கேட்க ஒரு ஆள். வீட்டில் யார் கேட்கிறார்கள்? அவர்கள் விற்றது அதைத்தான், பவுடரை இல்லை.

இரண்டாவது மாதம் கோச் சொன்னாள், 'தனியா வந்தா விட்டுடுவீங்க அக்கா, ஒரு ஃபிரெண்டைக் கூட்டிட்டு வாங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் சப்போர்ட்டா இருக்கும்.' கொருக்குப்பேட்டையில் என் சிநேகிதி இருக்கிறாள். பத்தாவது வரை ஒரே பெஞ்ச். சாயந்திரம் வீட்டு வாசலில் பஜ்ஜி, சுண்டல் போடுகிறாள். ஆறு வருஷமாகச் சர்க்கரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முதலில் வரமாட்டேன் என்றாள். 'எனக்குத் தனியாப் போகக் கூச்சமா இருக்குடி, எனக்காக வாடி' என்றேன். வந்தாள். எனக்காகத்தான் வந்தாள், அவளுக்காக இல்லை.

அவளுக்குச் சர்க்கரை இருப்பதைக் கோச்சிடம் நானே சொன்னேன். 'ரொம்ப நல்லது, நிறைய பேருக்கு மாத்திரையே நின்னுபோச்சு' என்றாள். என்ன மாத்திரை, எவ்வளவு, யார் டாக்டர், ஒன்றும் கேட்கவில்லை. அவள் படித்தது என்னவென்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அவளும் என்னைப் போல எடை குறைக்க வந்தவள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. என் சிநேகிதி காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஷேக் மட்டும் குடித்துவிட்டு, கடலைமாவு அரைக்க மில்லுக்குப் போயிருக்கிறாள். முந்தின ராத்திரியும் ஷேக்தான். மில்லில் நின்றபடியே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறாள். வெயில் என்று நினைத்து விசிறியிருக்கிறார்கள். நல்லவேளை, மில்காரரின் அம்மாவுக்கும் சர்க்கரை. அந்த அம்மா வீட்டிலிருந்து மெஷினை எடுத்துவரச் சொல்லி விரலில் குத்திப் பார்த்தார்கள். 46. உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். எனக்குப் போன் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு தெளிந்திருந்தது. ஆனால் நான் ஏன் வந்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததும் எனக்கு விளக்கினார். அவள் போடுவது மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்கவைக்கும், நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. சாப்பாட்டைக் குறைத்துவிட்டு அந்த மாத்திரையை மட்டும் அதே அளவில் போட்டால் சர்க்கரை இறங்கும். 70-க்குக் கீழே போனாலே தாழ்வு, 54-க்குக் கீழே ஆபத்து. ஒருமுறை ஏற்றிவிட்டாலும் மாத்திரையின் வேலை முடியும்வரை மறுபடி இறங்கலாம், அதனால்தான் ராத்திரி வைத்துப் பார்க்கிறோம் என்றார். சாப்பாட்டு முறையை மாற்றுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாத்திரையை நாங்களே குறைத்திருப்போமே என்றும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கோச்சுக்குப் போன் போட்டேன். 'நச்சு வெளியே போகுது அக்கா, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்' என்றாள். 46 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், 'இதை குரூப்ல போடாதீங்க, மத்தவங்களுக்கு நெகட்டிவ் ஆயிடும்.' அன்று சாயந்திரமே வாட்ஸ்அப் குழுவிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் நீக்கியிருந்தார்கள். தினமும் 'எப்படிக்கா இருக்கீங்க' என்று கேட்ட இருபது பேரில் ஒரே ஒருத்தி பார்க்க வந்தாள், அந்தப் பூக்காரி.

இப்போது பண விஷயம். இதற்குள் நான் 'ஐடி' வேறு போட்டிருந்தேன், அதாவது கம்பெனியில் விற்பனையாளராகவே பதிந்திருந்தேன். உறுப்பினராகவே இருந்தால் விலை அதிகம், ஐடி போட்டால் தள்ளுபடி, நாலு பேரைச் சேர்த்தால் உங்கள் பவுடர் இலவசம், இருபது பேர் என்றால் நீங்களே மாடி எடுத்து கிளப் வைக்கலாம் என்று ஏற்றிவிட்டார்கள். நகையை அடகு வைத்து 21,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தேன். டிரயல் 600, இரண்டு மாதக் கட்டணம் 15,000, சரக்கு 21,000. மொத்தம் 36,600. என் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல்.

திருப்பிக் கேட்டபோது கோச் தன்னைச் சேர்த்துவிட்ட மேலாளைக் காட்டினாள், மேலாள் கம்பெனியைக் காட்டினார். கடைக்கு வரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் வழி சொன்னார். இப்படிக் கடை இல்லாமல் ஆள் மூலமாகவே விற்கும் நேரடி விற்பனைக்கென்று 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பிரமிடு திட்டம் கூடாது. கம்பெனி குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்கவேண்டும். சர்க்கரை நோய், உடல் பருமன் இரண்டையும் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதற்கு 1954-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ரசீதும் டின்களின் படமும் கேட்டார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தது பில் போடுகிறவள் புத்தி. ஏழு வாரம் ஆயிற்று. பிரிக்காத டின்களுக்கு மட்டும் 14,200 வந்தது. கட்டணம் போனது போனதுதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை என்றார் குமாஸ்தா, ஆனால் லீவு யார் தருவார்கள்?

ஒன்று மட்டும் கேளுங்கள். உங்களை ஒரு இடத்தில் எடை பார்க்கச் சொன்னால், முதல் நாள் எந்த நேரத்தில் பார்த்தார்களோ அதே நேரத்தில்தான் அடுத்ததும் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள். டின்னில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது உணவு விற்க வாங்கிய உரிமம், எடை குறையும் என்பதற்குச் சான்றிதழ் இல்லை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று எந்த மாத்திரை போடுகிறவராக இருந்தாலும் அந்த அட்டையோடு பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு அப்புறம் வேறெங்கு வேண்டுமானாலும் போங்கள். 'மாத்திரை நின்னுபோச்சு' என்று எவராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் காலையில் மாடிப் பூங்காவில் நடக்கிறோம். வெள்ளைக்காரன் காலத்து ஊர் மதில் சுவரின் மிச்சத்துக்கு மேலே இருக்கும் பூங்கா, காசு கிடையாது. எனக்கு இப்போது 75. குறைகிறது, மெதுவாக.

ஒரு விஷயத்தை மட்டும் அவளிடம் அந்த ஆஸ்பத்திரி ராத்திரியில்தான் சொன்னேன். சிநேகிதியைக் கூட்டிவந்தால் பத்து கிளாஸ் இலவசம் என்று கோச் சொல்லியிருந்தாள். 'எனக்காக வாடி' என்று அவளைக் கூப்பிட்ட அன்றே என் அட்டையில் பத்து முத்திரை விழுந்தது. பத்தையும் குடித்தும் விட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்திருந்தவள் ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஃப்ளேவர்டீ?" என்றாள்.

"மாம்பழம்."

"எனக்கு மட்டும் தினமும் வெனிலா கொடுத்தாளே, பாவி."