டெர்லிங்குவா குட்டி வீடா, டாவ்ஸ் எர்த்ஷிப்பா?

மின்கம்பியே வராத பாலைவன வீட்டில் நாலு நாள் தங்க ஆசைப்படுபவர்கள் கடைசியில் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்: அமெரிக்காவின் டெக்சாஸில் பிக் பெண்ட் தேசியப் பூங்கா பக்கத்து ஊரான டெர்லிங்குவாவின் சோலார் குட்டி வீடு, இல்லை நியூ மெக்சிகோவின் டாவ்ஸ் ஊர்ப் பக்கத்து எர்த்ஷிப், அதாவது பழைய டயரும் மண்ணும் வைத்துக் கட்டி, மின்சாரத்தையும் தண்ணீரையும் தானே பார்த்துக்கொள்ளும் வீடு.

வெயில்: டெர்லிங்குவாவில் மே, ஜூன் மாதங்களில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சின்ன சோலார் பேட்டரியில் ஏசி ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். டாவ்ஸ் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே குளிர்தான் கவலை, ஆனால் பழைய டயர்களில் மண்ணை இடித்து நிரப்பிக் கட்டிய தடித்த சுவர் பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரி திருப்பித் தருகிறது. எனக்கு இந்தக் கட்டுமானத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

தண்ணீர்: குட்டி வீடுகளில் பெரும்பாலும் தொட்டித் தண்ணீர்தான், அளந்து குளிக்க வேண்டும். எர்த்ஷிப்பில் கூரையில் விழும் மழையும் பனியும் தொட்டிக்குப் போய், குளித்த தண்ணீர் வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்குப் பாய்ந்து, அப்புறம் கழிப்பறைக்கும் பயன்படுகிறது.

கழிப்பறை: குட்டி வீடுகளில் பல இடங்களில் தண்ணீர் ஊற்றாமல் மரத்தூள் போடும் உலர் வகை. எர்த்ஷிப்பில் வழக்கமான ஃப்ளஷ்.

வானம்: இதில் டெர்லிங்குவாதான். 2012 முதல் பிக் பெண்ட் அங்கீகாரம் பெற்ற இருள்வானப் பூங்கா, அதாவது செயற்கை வெளிச்சம் குறைவாக இருந்து நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் இடம்.

பயணம்: அல்புகர்க்கியிலிருந்து டாவ்ஸ் இரண்டரை மணி நேரம், எல் பாசோவிலிருந்து டெர்லிங்குவா ஐந்து மணி.

குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் எர்த்ஷிப். நட்சத்திரத்துக்காகவே போகிறீர்கள் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் டெர்லிங்குவா, அமாவாசையை ஒட்டி.