அரக்குப் பழகிய கைக்கு ஒரு டப்பா பவுடர்

மருமகள் வாங்கித் தந்த எம்பாசிங் பெட்டி (தூளைச் சூட்டில் உருக்கி, கோட்டையும் படத்தையும் புடைக்கவைக்கும் கைவேலைக்கானது) எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னாள். பெட்டியைத் திறப்பதற்கு முன் என் வலது கட்டைவிரலைக் காட்டிவிடுகிறேன். நகத்துக்குக் கீழே அரைக் கடலை அளவுக்கு ஒரு தழும்பு. அரக்கு சுட்டது. 31 வருடம் அஞ்சலகத்தில் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் பார்சல் கவுண்டர். காப்பீடு செய்த பார்சல் என்றால் தையல் மேல் வரிசையாக அரக்கு வைத்து முத்திரை குத்தியிருக்க வேண்டும். நகைக்கடைப் பையன்கள் அவசரத்தில் பாதி முத்திரையோடு வந்து நிற்பார்கள். மெழுகுவர்த்தியை நீட்டி, "இங்கேயே வைத்துவிட்டுப் போ, தம்பி" என்பேன். சாயங்காலம் பைகளைக் கட்டி முத்திரை வைப்பது எங்கள் முறை. உருகிய பிசினில் முத்திரை குத்துவது எனக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

பெட்டியின் விலை 1,450 ரூபாய். உள்ளே 100 கிராம் தடித்த எம்பாசிங் பவுடர் ஒரு டப்பா, சூடு காட்டும் கருவி ஒன்று, நிறமில்லாத பசை மை ஊறிய பேட் ஒன்று, கண்ணாடிபோலத் தெரியும் ஸ்டாம்ப் இரண்டு. ஸ்டாம்பை ஒட்டிப் பிடிக்க ஒரு அக்ரிலிக் கட்டை. குறிப்புத் தாள் ஒன்று, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையின் முடிச்சில் அரக்கு முத்திரைபோல ஒன்று ஒட்டவேண்டும் என்பது என் ஆசை. மொத்தம் 46 பை.

பவுடர் என்கிறார்களே தவிர, இது ரவை. சாதாரண எம்பாசிங் பவுடர் கோலமாவுபோல மெல்லியது. ஈர மையின் மேல் தூவிச் சூடு காட்டினால் உருகி, கோடு புடைத்து நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படுமே, அதுவும் ஈர மையில் பிசின் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கும் வேலைதான். அங்கே இயந்திரம் செய்கிறது. தடித்த வகையின் குணம் வேறு. மணி பெரிதாக இருப்பதால் நுணுக்கமான கோட்டின் மேல் தூவினால் கோடு காணாமல் போய்விடும். இதை அடுக்கடுக்காக உருக்கி ஒரு குளம்போலத் தேக்கி, அந்தக் குளத்தில் ஸ்டாம்பை இறக்க வேண்டும். அமெரிக்காவில் சூஸ் வைன்பெர்க் என்ற கைவினைக் கலைஞரின் பெயரோடு ரேஞ்சர் நிறுவனம் விற்ற ‘அல்ட்ரா திக் எம்பாசிங் எனாமல்’ இந்த வகையில் பேர்போனது. எனக்கு வந்தது அது இல்லை. வேறொரு கம்பெனியின் பெட்டி. குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

முதல் நாள் வீட்டில் இருப்பதை வைத்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். கைப்பழக்கம் விடுமா? ஊதா மை ஊறிய பழைய ஆபீஸ் பேடை எடுத்தேன். மை தாளில் உடனே ஊறிவிட்டது. பவுடர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடித்தது. பேடில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டபோது கொஞ்சம் தேவலை. பெட்டியோடு வந்த பேடில் இந்தத் தொல்லையே இல்லை, நிதானமாகக் காய்கிறது. அடுத்து, பெட்டியில் வந்த கருவி இல்லாமலே முடியுமா என்று பார்க்கும் கஞ்சத்தனம். பேத்தியின் ஹேர் டிரையரில் காற்று உண்டு, போதிய சூடு இல்லை. பவுடர் பறந்து மிக்ஸி மேல் உட்கார்ந்தது. எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டு வாங்கிய ஹீட் கன்னில் சூடு அளவுக்கு மேல். அட்டை பழுத்து ஓரம் கருகிவிட்டது. பெட்டியில் வந்த சின்னக் கருவியில் காற்று மெதுவாகவும் சூடு பலமாகவும் வருகிறது. இதற்காகவே செய்தது என்பது கையில் பிடித்தால் தெரிகிறது. பெட்டியில் உருப்படியான பொருள் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஆனால் காற்று நேரே அடிக்கக்கூடாது. செப்டம்பர் மாதத்துப் புழுக்கத்தில் இந்த மூன்றையும் சேர்த்துச் சமாளிப்பதே ஒரு கலை.

உருகுவதைப் பார்ப்பதில்தான் சுகம். வட்டமாக வெட்டிய கனமான அட்டையில் (மெல்லிய தாள் என்றால் சூட்டில் அப்பளம்போல வளைந்துவிடும்) பேடை ஒற்றி, பவுடரைக் கொட்டி, மிச்சத்தை ஒரு தாளில் தட்டி டப்பாவுக்கே திருப்பிவிட்டேன். முதலில் அட்டையின் அடியிலிருந்து சூடு காட்டினால் மணிகள் பறக்காமல் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு மேலிருந்து. சில விநாடி ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஓர் ஓரம் ஈரமானதுபோல மினுங்கும். மணிகள் ஒன்றோடொன்று கைகோத்து, ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிபுள்ளியாக ஆகி, அந்தப் புள்ளிகளும் அடங்கி, கடைசியில் வெல்லப்பாகு பரந்ததுபோல வழவழவென்று நிற்கும். அந்தச் சூட்டிலேயே இரண்டாம் கை பவுடர்; மறுபடி சூடு; மூன்றாம் கை. மூன்றாவதில் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் வந்துவிடுகிறது. பேராசைப்பட்டு இன்னும் சூடு காட்டினால் குமிழி விடும், ஓரத்தில் அட்டைக்குள் எண்ணெய்போல ஊறும். பாகுப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நாளில் பிடிபடும்.

இப்போது குறிப்புத் தாளுக்கு வருகிறேன். "எந்த ஸ்டாம்பையும் பயன்படுத்தலாம்" என்று அச்சடித்திருந்தார்கள். நம்பி, பெட்டியில் வந்த கண்ணாடி ஸ்டாம்பில் தாமரையைத் தேர்ந்தெடுத்து, உருகிய குளத்தில் வைத்து அழுத்தினேன். எடுத்தால் வரவில்லை. இழுத்தபோது தாமரையின் இரண்டு இதழ்கள் நீண்டு, ஓரம் அலை அலையாக நெளிந்துவிட்டது. அந்த ஸ்டாம்ப் பாலிமர். தாளில் குத்துவதற்குச் சரி, இந்தச் சூட்டைத் தாங்காது. இந்த வேலைக்கு ரப்பர்தான் வேண்டும். பவுடரையும் பாலிமர் ஸ்டாம்பையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தேன். "ஆறவிட்டு வைத்திருக்க வேண்டும், மேடம்" என்றாள் அந்தப் பெண். ஆறிய பிறகு வைத்தால் எங்கே அம்மா பதியும் என்றேன். மாற்று ஸ்டாம்ப் அனுப்பினார்கள். அதுவும் பாலிமர்.

கோர்ட் வாசலில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடை எந்த ஊரில் இல்லை? எங்கள் ஊர்க் கடையில் ஐந்து புள்ளி வைத்த சிறிய சிக்குக் கோலத்தை வரைந்து கொடுத்து, லேசரில் ரப்பரைச் செதுக்கித் தரச் சொன்னேன். 25 மில்லிமீட்டர் வட்டம், 250 ரூபாய். மறுநாள் கிடைத்தது. குத்திப் பார்த்தால் இரண்டு குறை. ஒன்று, பள்ளம் போதவில்லை. ஆபீஸ் ஸ்டாம்ப் தாளைத் தொட்டால் போதும் என்பதால் ஆழமாகச் செதுக்கமாட்டார்கள். இங்கே ஸ்டாம்ப் குளத்துக்குள் இறங்குவதால் கோட்டுக்கு நடுவே இருக்கும் தரையும் சேர்ந்து பதிந்துவிடுகிறது. இன்னொன்று எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். அஞ்சலகத்துப் பித்தளை முத்திரையில் எழுத்து குழிவாக வெட்டியிருக்கும். அதனால்தான் அரக்கில் எழுத்து மேடாக நிற்கிறது. ரப்பர் ஸ்டாம்பில் கோடு மேடு. ஆகவே பவுடரில் கோலம் பள்ளமாக விழுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் அது முத்திரை இல்லை. 31 வருடம் இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவளுக்கு இது புரிய ஒரு பாழான அட்டை தேவைப்பட்டது.

மறுபடி கடைக்குப் போனேன். கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, ஆழம் 2 மில்லிமீட்டர் வரும்படி செதுக்கச் சொன்னேன். கடைக்காரர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இப்படிச் செய்தால் தாளில் கறுப்பு வட்டமாக விழும், அம்மா. கோலம் வெள்ளையாகத்தான் தெரியும்." "தாளில் குத்தப்போவதில்லை, தம்பி." "பின்னே?" அரக்கு என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தாசில்தார் ஆபீஸுக்குப் பித்தளை முத்திரை வெட்டிக் கொடுத்தவராம் அவருடைய அப்பா. 20 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது ஸ்டாம்பில்தான் வேலை ஓடியது. குத்துவதற்கு முன் ஸ்டாம்பைப் பேடில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மை ஒரு படலமாக நின்று ஒட்டாமல் காக்கிறது. பித்தளையை ஈரத் துணியில் ஒற்றிவிட்டு அரக்கில் வைப்போமே, அதே சங்கதி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பித்தளை சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். நான்கு எண்ணுவதற்குள் எடுத்துவிடலாம். ரப்பர் சூட்டை வாங்காது. எடுக்கலாமா, எடுக்கலாமா என்று கை பரபரக்கும். ஒரு நிமிடம் முழுசாக வைத்திருந்தால் கோலம் வெட்டினதுபோல வருகிறது. 20 விநாடியில் எடுத்தால் கோடு குழைந்து நூல் இழுக்கிறது. நான் ஸ்டாம்பை அட்டையோடு விட்டுவிட்டு ஒரு வாழைப்பூ மடலை ஆய்ந்து முடிப்பேன். சரியாக இருக்கும். அப்படியும் பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் வைத்தால் தானே விட்டுவிடுகிறது. பிசகினாலும் கவலை இல்லை. மறுபடி சூடு காட்டினால் குளம் பழையபடி வழவழப்பாகிவிடும். அரக்கை அப்படி இரண்டாம் தரம் தீயில் காட்டினால் புகைக் கறுப்பு ஏறும். இதில் அந்தக் கறை இல்லை.

அரக்கின் வாசனையும் இல்லை. அரக்கு என்பது மரத்தில் பூச்சி சுரக்கும் பிசின். உருகும்போது ஒரு கோயில் வாசனை வரும். இது ஆலைப் பிசின், பிளாஸ்டிக் நாற்றம்தான். அரை மணிக்கு மேல் உட்கார்ந்தால் எனக்குத் தலை வலிக்கிறது.

பவுடர் நிறமற்றது என்று டப்பா சொல்கிறது. மூன்றாம் கையில் லேசாக மஞ்சள் ஓடுகிறது. வெள்ளை அட்டையில் தெரியும். நான் குங்கும நிற அட்டைக்கு மாறிவிட்டேன். அந்தத் தெளிவுக்குள் ஏதாவது புதைக்கலாமே என்று தோன்றியது. பீரோவில் ஜரிகைத் துண்டு இரண்டு இருந்தன. போன தீபாவளிப் புடவையின் ஓரத்தில் வெட்டிய ஜரிகையை உருகிய குளத்தில் வைத்துச் சூடு காட்டியதும் மயிர்போலச் சுருண்டு கறுத்தது. அம்மாவின் கூறைப்புடவை நைந்துபோனதில் எடுத்து வைத்த இழை அசையவே இல்லை. மேலே ஒரு கை பவுடர் போட்டதும் தேனுக்குள் விழுந்த நூல்போல மஞ்சளாக மினுங்கியது. ஒன்றில் பிளாஸ்டிக், மற்றதில் வெள்ளி. புடவைக்கடையில் கேட்கவேண்டிய கேள்விக்கு எம்பாசிங் கருவி பதில் சொல்லிவிட்டது. அம்மாவின் ஜரிகையைப் புதைத்தது ஒரே ஒரு முத்திரையில்தான். அது யாருக்கும் போகவில்லை.

உருக்கி ஆறிய அட்டையை ஃப்ரீசரில் வைத்து எடுத்து மடக்கினால் பழைய பீங்கான்போல விரிசல் விடும். விரிசலில் பழுப்பு மையைத் தேய்த்துத் துடைத்தால் பார்க்க நன்றாக இருக்கிறது. ஒரு தரம் செய்தேன். வாழ்த்து அட்டை செய்கிறவர்களுக்கு உதவும், எனக்கு வேண்டியதில்லை.

குழந்தைகளை ஏழெட்டு அடி தள்ளி வைக்கவும். உருகிய பிசின் தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். கருவியின் மூக்கு அணைத்த பிறகும் நெடுநேரம் சுடும். டைல்ஸ் துண்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். மேஜை விரிப்பு வேண்டாம். அதுவும் அனுபவம்தான்.

கணக்குப் பார்த்துவிடுகிறேன். 46 முத்திரைக்கும், பாழானவற்றுக்கும் சேர்த்து 58 கிராம் ஆனது. சமையலறைத் தராசில் டப்பாவை நிறுத்தே சொல்கிறேன். பவுடர் மட்டும் தனியாக 100 கிராம் 550 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படியானால் முத்திரை ஒன்றுக்குச் சுமார் 7 ரூபாய். அரக்குக் குச்சியில் இதைவிடச் சல்லிசாக முடியும்; ஆனால் அரக்கு இரண்டு பை உரசினாலே உதிரும், இது கீழே விழுந்தும் தாங்கியது. பெட்டியாக வாங்காதீர்கள். கருவி, பேட், பவுடர் மூன்றையும் தனித்தனியாக வாங்கி, ஸ்டாம்பை உங்கள் ஊர்க் கடையில் ரப்பரில் செய்துகொள்ளுங்கள். பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டரை. பவுடருக்கு மட்டும் என்றால் நான்கு தருவேன், அந்த மஞ்சளுக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு.

நவராத்திரி ஐந்தாம் நாள் என்னோடு வேலை பார்த்த அக்கா வந்திருந்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார். வெற்றிலை, மஞ்சள், ரவிக்கைத் துணி போட்டுக் கட்டிய பையைக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. முடிச்சின் மேல் இருந்த முத்திரையைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவி, ஓரம் எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு பையை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை கிராம்?" என்றார்.