நோட்டோ சான்ஸ் மங்கோலியன்: மாஞ்சு மொழிக்கு இந்த இலவச எழுத்துரு போதுமா?

வடகிழக்குச் சீனாவின் மாஞ்சு மொழியில் ஒரு வரியைத் திரையில் கொண்டுவர, காசு செலவில்லாமல் கிடைக்கும் முதல் தேர்வு கூகுளின் நோட்டோ சான்ஸ் மங்கோலியன். பெயரில் மங்கோலியன் என்று இருப்பதைப் பார்த்து விலகிவிட வேண்டாம். மாஞ்சு அரசுக்கு அடித்தளமிட்ட நுர்ஹாசியின் கட்டளைப்படி 1599இல் மங்கோலிய எழுத்திலிருந்து உண்டாக்கியதுதான் மாஞ்சு எழுத்து. 1999இல் வந்த யூனிகோடு 3.0 பதிப்பும் மங்கோலியம், தோதோ (மேற்கு மங்கோலியர் எழுத்து), சீபோ, மாஞ்சு நான்கையும் ஒரே தொகுதியில் போட்டுவிட்டது. அதனால் எழுத்துருவும் ஒன்றுதான்.

யாருக்கு இது தேவை? சீனாவில் மாஞ்சு இனத்தவராகப் பதிந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஆனால் மாஞ்சு பேசியே வளர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துச் சான்ஜியாசி கிராமத்து முதியவர்கள் அவர்களில் சிலர். நெருங்கிய உறவுள்ள சீபோ மொழிக்கு நிலைமை கொஞ்சம் தேவலாம். 1764இல் வடகிழக்கின் முக்தெனிலிருந்து (இன்றைய ஷென்யாங்) மேற்கே ஷின்ஜியாங்கின் எல்லைக் காவலுக்கு அனுப்பப்பட்ட சீபோ படையினரின் வம்சத்தார் சப்சல் மாவட்டத்தில் இன்றும் அதைப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். இவர்களைத் தவிர, சீனாவை ஆண்ட மாஞ்சு வம்சமான சிங் அரசு விட்டுச்சென்ற மாஞ்சு ஆவணங்களைப் படிக்கும் ஆய்வாளர்களும் புதிதாகக் கற்பவர்களும்தான் இந்த எழுத்துருவைத் தேடி வருபவர்கள்.

ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமம் என்பதால் இணையதளம், அச்சுப் புத்தகம் எதிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரே தடிமன்தான் உண்டு. தலைப்பைத் தடிமனாக்கினால் மென்பொருள் தானாகக் கோட்டைப் பருமனாக்கும். அப்போது முதலில் அடைபடுவது எழுத்தின் பக்கத்தில் நிற்கும் சிறு வட்டம். தலைப்புக்கு அளவைக் கூட்டுங்கள், போல்டு போடாதீர்கள்.

அந்த வட்டம் ஏன் முக்கியம்? மாஞ்சுவின் ஆரம்ப கால எழுத்தில், தமிழ்க் 'க' போலவே, ஒரே வடிவம் மூன்று ஒலிகளுக்கு நின்றது. 1632இல் தாஹாய் என்ற அறிஞர் புள்ளியும் வட்டமும் சேர்த்தார்: குறியில்லாவிட்டால் வல்லினக் க, புள்ளி இருந்தால் மெலிந்த க, வட்டம் இருந்தால் ஹ. அ-வை எ-விலிருந்தும், ஒ-வை உ-விலிருந்தும் பிரிப்பதும் ஒரு புள்ளிதான். திரையில் 22 பிக்சலுக்குக் கீழே இறங்கினால் புள்ளி தண்டோடு ஒட்டிக்கொள்ளும். வாசகர் 1632க்கு முன்னால் போய்விடுவார். 24 வைத்தால் நிம்மதி.

நிறுவியதும் முதலில் 'நிஞ்சு' என்று அடித்துப் பாருங்கள். அறுபது என்று பொருள். சொல்லின் முதல் ந-வுக்குப் பின் உயிர் வருவதால் அதற்குப் புள்ளி வர வேண்டும். நடுவில் ஜ-வுக்கு முன் நிற்கும் மூக்கொலிக்குப் புள்ளி வரக் கூடாது. இரண்டுக்கும் அடிப்பது ஒரே எழுத்து, இடம் பார்த்து வடிவத்தை மாற்ற வேண்டியது எழுத்துருவின் பொறுப்பு. அடுத்து அ-வுக்கு முன்னும் எ-வுக்கு முன்னும் க, த இரண்டையும் சோதியுங்கள். பின்வரும் உயிரைப் பொறுத்து இவற்றின் உருவம் மாற வேண்டும். மாறாமல் தனித்தனித் துண்டுகளாக நின்றால் எழுத்துருவைத் திட்ட வேண்டாம், மென்பொருளுக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. தமிழில் கொம்பைப் பிரித்துப்போடும் பழைய டிசைன் மென்பொருள்களில் இதுவும் சிதறும்.

வலைப்பக்கத்தில் அதிகம் பேர் சறுக்குவது திசையில். மாஞ்சு மேலிருந்து கீழே ஓடும், இந்த நெடுவரிசைப் பத்திகள் இடமிருந்து வலமாக நகரும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ரைட்டிங்-மோடு என்பதற்கு வெர்ட்டிகல்-எல்ஆர் கொடுக்க வேண்டும். ஜப்பானியப் பக்கத்திலிருந்து வெர்ட்டிகல்-ஆர்எல் என்று நகலெடுத்தால் எழுத்தெல்லாம் சரியாகவே தெரியும். பத்திகள் மட்டும் தலைகீழ் வரிசையில் நிற்கும். மொழி தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அந்தப் பிழை தட்டவே தட்டாது. டெக்ஸ்ட்-ஓரியன்டேஷனில் அப்ரைட் போட்டால் எழுத்துகள் கோவாமல் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். மிக்ஸ்டு என்று இருக்கிறபடியே விடுங்கள். லெட்டர்-ஸ்பேசிங் பூஜ்ஜியம். பெட்டிக்கு உயரம் கொடுக்க மறந்தால் பத்தி மடங்காமல் ஒரே கம்பமாக நீளும். கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைக் கத்தரிப்பவர்கள், ஓர் எழுத்தின் எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத வடிவத்தேர்வுக் குறிகளையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றில் நான்காவது 2021இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதிதாக இறக்கிக்கொள்வது நல்லது.

இத்தனையும் ஒரு மாலைக்குள் சரிசெய்துவிடலாம். உண்மையான தலைவலி குறியெண்களில், அதாவது யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்களில் இருக்கிறது, அதற்கு எழுத்துரு பொறுப்பல்ல. மாஞ்சு க-வுக்கு எண் 1874, சீபோ க-வுக்கு 1863. மாஞ்சு ர 1875, மங்கோலிய ர 1837. திரையில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. சீபோ விசைப்பலகையில் ஒருவர் அடித்ததை மாஞ்சு விசைப்பலகையால் தேடினால் ஒன்றும் அகப்படாது. பெயரை நம்பியும் ஏமாறலாம்: யூனிகோடில் 'சீபோ யூஇ' என்ற பெயருள்ள 1860தான் மாஞ்சுவில் சாதாரண உ, 'சீபோ யூ' என்ற 1861, ரோமனில் மேற்கோடு போட்டு எழுதும் இன்னொரு உ. பட்டியலைப் பார்த்து விசைப்பலகை செய்பவர்கள் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டால் அகராதியும் தேடலும் சேர்ந்து கெடும். விசைப்பலகை இந்த எழுத்துருவோடு வராது, தனியே தேட வேண்டும். எதைப் போட்டாலும் முதலில் இந்த நான்கு ஒலிகளின் எண்களைச் சரிபாருங்கள்.

விண்டோஸில் விஸ்டா காலத்திலிருந்தே கூடவரும் மங்கோலியன் பைட்டி என்ற எழுத்துருவிலும் மாஞ்சு எழுத்துகள் உண்டு. சொந்தக் கணினியில் படிக்க மட்டும் என்றால் அதுவே போதும். மற்றவர் திரையிலும் தெரிய வேண்டுமென்றால் நோட்டோவைப் பக்கத்தோடு இணைப்பதுதான் வழி. பாடக் குறிப்பு, அகராதி, ஆவணப் படியெடுப்பு மூன்றுக்கும் ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். அழைப்பிதழுக்கும் பெயர்ப்பலகைக்கும் தூரிகை வளைவு வேண்டுவோர் வேறு எழுத்துரு தேடட்டும். எதற்குப் பயன்படுத்தினாலும் மொல்லண்டார்ஃப் முறைப்படி மாஞ்சுவை ரோமன் எழுத்தில் எழுதும் எழுத்துப்பெயர்ப்பில் ஒரு பிரதி பக்கத்தில் இருக்கட்டும். குறியெண் குழம்பிய கோப்பை அதை வைத்துத்தான் மீட்க முடியும்.