38,000 ரூபாய்க்கு மாக்கல் பிள்ளையார்: பழைய கல் சிலை வாங்குகிறவர்கள் படியுங்கள்

நேற்று வெள்ளிக்கிழமை. அப்பத்தா பிள்ளையாருக்குத் தண்ணீர் ஊற்றி வெள்ளைத் துண்டால் துடைத்தார்கள். துண்டு கறுப்பாகிவிட்டது. அழுக்கென்று மறுபடி துடைத்தார்கள். தொந்தியில் வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது. அந்தப் பிள்ளையாருக்கு நான் கொடுத்தது 38,000 ரூபாய்.

வாங்கியது காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில், போன மாதம். எங்கள் பூர்வீக வீட்டுச் சாமி அறையில் ஒரு சாண் உயரத்தில் கல் பிள்ளையார் இருந்தார். பாகம் பிரித்தபோது பங்காளி வீட்டுக்குப் போய்விட்டார். அப்பத்தாவுக்கு அந்தக் குறை இன்னும் தீரவில்லை. அதனால்தான் தேடிப் போனேன்.

பெட்டகத்துக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவில் இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் கடைக்காரர். "பழைய வீட்டை இடிச்சுப் பிரிக்கையில வந்த கருங்கல்லுண்ணே. இருநூறு வருஷத்துக்குக் குறையாது. ரெண்டே கை, வலம்புரித் துதிக்கை, அப்படியே பிள்ளையார்பட்டி பாருங்க."

அங்கேதான் விழுந்தேன். பிள்ளையார்பட்டிக் குடைவரையில் இருப்பதும் அதே அமைப்புத்தானே! அமைப்பு பழையது என்பதால் கல்லும் பழையதாகிவிடாது என்று அப்போது தோன்றவில்லை. நான் எந்த ஊர், எங்களுக்கு எந்தக் கோயில் என்று கடைக்காரர் விசாரித்தார், காபி வரவழைத்தார். "அப்பத்தாவுக்கா? அப்ப எனக்கு லாபமே வேண்டாம்ணே" என்று 45,000-லிருந்து 38,000-க்கு இறங்கினார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலமே கோயில் திருப்பணி செய்யும் சிற்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். அடிப்பக்கம் நகத்தால் கீறினார். வெள்ளையாகக் கோடு விழுந்தது. மாக்கல், கல்சட்டி செய்கிற அதே கல். மாக்கல் என்பதாலேயே போலி என்று சொல்ல முடியாது, பழைய மாக்கல் சாமான் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஆனால் இதைக் கருங்கல் என்றுதானே விற்றார்கள்? அப்புறம் காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். ஒரே இடைவெளியில் மெல்லிய கோடுகள், மெஷின் ஓடிய தடம். பூசையில் இருந்த சிலை என்றால் கை படும் தொந்தியும் துதிக்கையும் வழவழப்பாகும், இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கிடக்கும். இதில் எல்லா இடமும் ஒரே மாதிரி. கறுப்பு, மேலே தடவிய பாலிஷ். "புதுசு தம்பி, ரெண்டாயிரம் பெறும்" என்றார்.

போன் செய்தேன். "எண்ணெய்ப் பிசுக்குண்ணே, பழசுன்னா அப்படித்தான் விடும்" என்றான் கடைப் பையன். மறுபடி செய்தால் முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறாராம். இன்று காலை நேரில் போனால் அதே முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்! "பில்லுல பழசுன்னு எழுதியிருக்கா?" என்கிறார். அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். "கல் பொம்மை – 1. ரூ. 38,000." அவ்வளவுதான்.

100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை விற்க 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும், சிலையையும் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தத் தாள்கள் எங்கே என்று கேட்டேன். "அப்ப பழசில்லைன்னே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். 38,000 ரூபாய் போனதைவிட அந்தத் திரும்பல்தான் நெஞ்சில் நிற்கிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. வாங்குவதற்கு முன் ஈரத் துணியால் அடிப்பக்கம் துடைத்துப் பாருங்கள். டார்ச் இல்லாமல் போகாதீர்கள். என்ன கல், எத்தனை வருஷம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீடு பிரித்ததில் வந்தது என்றால் எந்த ஊர் வீடு என்று கேளுங்கள்.

பில்லும் போட்டோவும் பத்திரமாக வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே மாதிரி கறுப்புப் பிள்ளையார் யாராவது வாங்கியிருந்தால் எழுதுங்கள், சேர்ந்து போகலாம்.